ஆறாம் வார்டுச் சுவர்

வடிவு ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்னாலேயே வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"இன்ஜினியரம்மா! மூணாம் வார்டு விடியறதுக்குள்ள ஒரு சாண் ஏறியிருக்கு. அளந்து சொல்லுங்க!"

"அளக்கிறதுக்கு முன்னாடி டீ குடிக்க விடுங்கய்யா" என்றாள் வடிவு. சொன்னாளே தவிர, அவளுக்கும் பொறுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினாள். உண்மைதான். மூன்றாம் வார்டின் சுவர் ஈரம் மின்ன, வெள்ளையும் சாம்பலுமாக, நேற்று விட்ட இடத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றது. யாரும் கட்டாத சுவர். தானாக வளர்ந்த சுவர்.

கடம்பனேரி கடலோரத்து ஊர். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் ஏரி. ஊரின் சாக்கடை முழுவதும் எத்தனையோ காலமாக அந்த ஏரியில்தான் விழுந்தது. ஏரிக்கரையில் நின்று மூச்சை இழுத்துவிட்டவர்கள் யாரும் கிடையாது. கடைசியில் நகராட்சி ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடிவு செய்தது. சாதாரணமாகக் கட்டப் பணம் போதாது என்ற நிலையில்தான் இந்தப் புது முறை வந்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவள் வடிவு. இதைப் பார்த்துக்கொண்டு இன்னும் மூன்று ஊர்களில் ஆட்கள் காத்திருந்தார்கள். இங்கே நன்றாக வந்தால் அங்கேயும் தொடங்குவார்கள்.

வேலை ஆரம்பித்த புதிதில், ஆறாம் வார்டு கவுன்சிலர் ஜெயசீலி சண்டை போடுவதற்காகவே சைட்டுக்கு வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே கிளம்பி வந்திருந்தாள்.

"சிமெண்ட் லாரி ஒண்ணுகூட உள்ள போகல. எங்க ஜனங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பெறகு எப்படி சுவரு நிக்குது? யாரை ஏமாத்துதீக?"

"சிமெண்ட் தேவையில்லக்கா" என்றாள் வடிவு. "இந்த மணலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. நல்ல கிருமி. அதுக்குச் சாப்பாடு மூத்திரம்."

"எது?"

"மூத்திரம்தான். அதுல இருக்கிற யூரியாவைத் தின்னும். தின்னுட்டு, நாங்க கலந்து விடுற சிப்பிச் சுண்ணாம்பைப் பிடிச்சு மணலோட மணலா ஒட்டிக் கல்லாக்கிடும். சங்கும் சிப்பியும் தன் ஓட்டைத் தானே கட்டிக்கிடுதுல்ல, அது மாதிரி. அதுக்காகத்தான் உங்க வீட்டுக் கக்கூஸ்ல தனியா ஒரு குழாய் வச்சது. பழைய வார்டையெல்லாம் சேர்த்து எட்டாக்கினாங்கல்ல, வார்டுக்கு ஒரு குழாய். ஒரு குழாய்க்கு ஒரு துண்டுச் சுவர். எட்டுத் துண்டும் சேர்ந்தா ஒரு வட்டம்."

ஜெயசீலி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். "அப்போ எங்க வார்டுக்காரன் ஒண்ணுக்குப் போகப் போக எங்க சுவரு ஏறும்?"

"ஆமா."

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். "இத்தனை வருஷமா வேஸ்ட்டாக்கிட்டோமேம்மா!"

அந்தச் சிரிப்பில்தான் போட்டி பிறந்தது. மறுநாளே ஆறாம் வார்டில் ஒரு பேனர் ஏறியது: 'நம் வார்டு, நம் சுவர்.' ஐந்தாம் வார்டு சும்மா இருக்குமா? அவர்கள் தெருமுனையில் பானை வைத்து நீர்மோர் கொடுத்தார்கள். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வார்டு இளைஞர்கள் தர்பூசணி லாரியையே நிறுத்தினார்கள். காலையில் எழுந்ததும் ஊர் முழுக்க ஒரே பேச்சு: யார் சுவர் எவ்வளவு? கல்யாண வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களைக்கூட, "நம்ம வீட்டுலயே போயிட்டுப் போங்க மாமா" என்று வழிமறித்தார்கள். வடிவு எத்தனையோ கட்டடங்கள் கட்டியிருக்கிறாள். ஒரு சாக்கடை நிலையத்துக்காக ஊரே விசில் அடித்துப் பார்த்ததில்லை.

பள்ளத்துக்குள் அவளோடு இருந்தவர் நூர்தீன். கிருமிகளை வளர்த்துக் கொடுப்பவர், நுண்ணுயிர் ஆய்வாளர். அதிகம் பேசமாட்டார். ஆனால் சுவர் ஏறுகிற காலைகளில் அவரும் தாளம் போட்டபடி நடப்பதை வடிவு கவனித்திருக்கிறாள்.

இருவருக்கும் ஒரே ஒரு பயம் இருந்தது. மழை. ஏரிக்கரை மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். உறைகிணறு மாதிரி வட்டம் முழுதாக மூடிவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் அழுத்தினாலும் சுவர் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு துண்டு ஏறாமல், வட்டம் மூடாமல் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், இடைவெளி வழியாகத் தண்ணீர் புகுந்து, மீதி ஏழு துண்டும் உள்பக்கமாகச் சரியும். எல்லாம் போகும்.

இந்த நிலையில்தான் ஆறாம் வார்டின் சுவர் வளராமல் நின்றது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஏறவில்லை, மறுநாள் ஏறும் என்று இருந்தார்கள். பிறகு சுவரின் மேல்விளிம்பு பொடியாக உதிர ஆரம்பித்தது. பக்கத்துச் சுவர்கள் தோளுயரம் போய்விட்டன. ஆறாம் வார்டு மட்டும் முழங்காலில் நின்றது.

கேலி தொடங்கியது. "ஆறாம் வார்டு மூத்திரத்துல சத்தே இல்லலே" என்று மூன்றாம் வார்டுக்காரன் பேனரே வைத்தான். ஆறாம் வார்டு பெண்கள் ரேஷன் கடை வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயசீலி மறுபடியும் சைட்டுக்கு வந்தாள். இந்த முறை சிரிப்பு இல்லை.

"என் வார்டு மட்டும் என்னம்மா பாவம் பண்ணிச்சு? மோர் குடிக்கச் சொன்னீக, குடிச்சோம். என் மாமியா வயித்து வலியோட குடிக்கா."

நூர்தீன் தன் சிறிய ஆய்வுக் கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"குழாய்ல மருந்து வருது" என்றார். "காசநோய்க்குக் கொடுக்கிற மருந்து. உடம்புல போனது போக மிச்சம் மூத்திரத்துல வெளிய வரும். நம்ம கிருமி ரொம்ப மென்மையானது. துளி மருந்து பட்டாலும் செத்துப்போகும்."

"எத்தனை பேருக்கு இருக்கும்?" என்று கேட்டாள் வடிவு.

"தெரியாது. ஒரே ஆளாக்கூட இருக்கலாம்."

ஜெயசீலி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "காசநோயா? எங்க வார்டுலயா? யாரும் சொல்லலியே."

"யாரு சொல்லுவா?" என்றார் நூர்தீன். "சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு. மருந்து எடுக்கிறாங்கங்கிறது நல்ல விஷயம். ஒழுங்கா மருந்து சாப்பிட ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்லயே அவங்ககிட்டயிருந்து பரவுறது நின்னுடும். மருந்தே எடுக்காம இருமிக்கிட்டு அலையுறவங்களைப் பத்தித்தான் பயப்படணும்."

விஷயம் நகராட்சி ஆணையர் ராமசுப்புவின் அறைக்குப் போனது. ஆணையர் கறாரான மனிதர். வேலை முடிய வேண்டும் என்று எல்லோரையும் விரட்டுவார், தானும் ஓடுவார். வட்டம் மூடுகிற நாளுக்கு மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரிகளைக் கூப்பிட்டிருந்தார்.

"வழி சொல்லுங்க" என்றார்.

வடிவு நூர்தீனைப் பார்த்தாள். நூர்தீன் தயங்கினார்.

"ஒரு வழி இருக்கு. ஆறாம் வார்டு சுவர்ல எல்லாக் கிருமியும் சாகல. கொஞ்சம் பிழைச்சிருக்கு. மருந்தைத் தாங்கக் கத்துக்கிடுச்சு. அதை மட்டும் எடுத்துப் பெருக்கி விட்டா, அந்தச் சுவர் எல்லாத்தையும் விட வேகமா ஏறும்."

வழி கையிலேயே இருக்கிறதே! "அப்போ விடலாமே!" என்றாள்.

"விடலாம். ஆனா ஒரு கிருமி கத்துக்கிட்டதைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். சாக்கடைக்குள்ள கோடி கோடியா கிருமி இருக்கு. அங்கிருந்து ஏரி. ஏரியிலிருந்து நம்ம வீடு. என்னைக்காவது ஒரு நாள், இந்த ஊர்ல ஒருத்தர் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போவாரு. கொடுக்கிற மருந்து வேலை செய்யாது. ஏன்னு யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும்."

வடிவு கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மூடினாள். அந்தச் சுவரை அவள் கனவில்கூடக் கண்டிருக்கிறாள். இருந்தும் "வேண்டாம்" என்றாள்.

"சரி" என்றார் ஆணையர். "அப்போ யாருன்னு கண்டுபிடிங்க. தெருத்தெருவா சாக்கடை மூடியைத் திறந்து சென்சார் இறக்குங்க. எந்தத் தெரு, எந்த வீடுன்னு காட்டிடும்ல? அவங்களை மட்டும் கொஞ்ச காலம் வேற எடத்துல வச்சுக்கிடலாம். ஒரு ஆளுக்காக ஊரு முழுக்க முங்க முடியாது."

கூடவே வந்திருந்த ஜெயசீலி அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மறுத்துப் பேச அவளிடம் வேறு வழி எதுவும் இல்லை.

மறுநாள் வடிவும் இரண்டு பணியாளர்களும் ஆறாம் வார்டின் கிழக்குக் கோடியில் வேலையைத் தொடங்கினார்கள். மூடியைத் திறந்து, சோப்புப் பெட்டி அளவிலான சென்சாரைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். பச்சை விளக்கு எரிந்தால் மருந்து இல்லை, சிவப்பு என்றால் இருக்கிறது. முதல் தெருவில் பச்சை. அடுத்த தெருவில் பச்சை. மூன்றாவது தெருவில் சிவப்பு எரிந்தது.

வடிவு நிமிர்ந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு என்றால் காசநோய் என்ற பேச்சு பரவி, மத்தியானத்துக்குள் ஊர் மாறிவிட்டது. டீக்கடையில் பிரான்சிஸ் வாத்தியார் இருமினார். ஆஸ்துமா, அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இருப்பது. கடைக்காரர் அவர் குடித்த கிளாஸை எடுத்துக் குப்பையில் போட்டார். சாயங்காலம் அவர் வீட்டு டியூஷனுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. வாத்தியார் பாய்களை விரித்துவைத்து, கதவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு வீட்டில் நிச்சயதார்த்தம் தள்ளிப்போடப்பட்டது என்று பேச்சு. பெண் மெலிந்திருப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். அவள் எப்போதும் அப்படித்தான் இருப்பாள் என்று பெண்ணின் அம்மா தெருவில் நின்று அழுதாள்.

வடிவு அடுத்த மூடியின் அருகில் குந்தியிருந்தாள். இதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். சென்சார் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நின்றாள், இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி. அந்த முகத்தில் இருந்தது நோய் இல்லை. மாட்டிக்கொள்ளப் போகிறவரின் பயம்.

விளக்கு எரிவதற்கு முன் வடிவு கயிற்றை மேலே இழுத்துவிட்டாள்.

"மூடிருங்க" என்றாள் பணியாளர்களிடம். "வேலை முடிஞ்சிட்டு."

அங்கிருந்து நேராக ஜெயசீலியின் தையல் கடைக்குப் போனாள். "அக்கா, என்னால முடியாது" என்றாள். "ஒரு சுவருக்காக மனுஷங்களை வேட்டையாடிக்கிட்டிருக்கோம்."

ஜெயசீலி தையல் மெஷினை நிறுத்தினாள். "நானும் காலையிலருந்து அதான் யோசிக்கேன். எந்த வீடுன்னு தெரிஞ்சாத்தானே பிரச்சினை? மொத்த வார்டையும் நிறுத்திருங்க. எங்க குழாயவே அடைச்சிருங்க. எங்க எல்லாரோட மூத்திரமும் வேற குழிக்குப் போகட்டும். அப்போ நல்லவுக, நோயாளி எல்லாம் ஒண்ணு."

"அடைக்கலாம். தேங்காச் சிரட்டைக்கரி போட்ட குழியில விட்டா மருந்தைக் கரி மெதுவாப் பிடிச்சுக்கிடும். ஆனா உங்க சுவர் எதைத் தின்னு வளரும்? மத்த ஏழு வார்டுலயும் அவங்கவங்க சுவருக்கே சரியா இருக்கு. மழைக்கு முன்னாடி முடியாது."

"ஊர்லதானே இல்ல? திருவிழா வருதுல்ல?"

வடிவு ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. ஜெபமாலை மாதா கோயில் திருவிழா! சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் கடம்பனேரிக்குத்தான் வரும். பஸ் பஸ்ஸாக, வேன் வேனாக வரும். அவள் ஜெயசீலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். கடைக்கு வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய்ப் பின்வாங்கினார்.

ஆணையர் முதலில் கத்தினார். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றார். வடிவு தலைகுனியவில்லை. "சார், சுவர் ஏறலைன்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்க. வீடு வீடா மட்டும் தேடமாட்டேன்" என்றாள். அவர் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே வார்த்தை: "செய்யுங்க."

அன்று மாலையே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஜெயசீலி ஊர் சுற்றினாள். "ஆறாம் வார்டு மக்களே, நம்ம குழாயை அடைச்சாச்சு! ஒரு வீட்டுக்காக இல்ல, எல்லா வீட்டுக்காகவும்! மத்த வார்டு அண்ணன்மாரே, எங்க சுவரு உங்களை நம்பி நிக்கு!"

யார் வருவார்கள் என்று வடிவு பயந்தாள். முதலில் வந்தது மூன்றாம் வார்டு. கேலி பேனர் வைத்த அதே ஆட்கள். திருவிழாவில் சேர்வதைச் சுவருக்குச் சுமந்துவர, தங்கள் தண்ணீர் டேங்கர் லாரியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னோம்க்கா" என்றான் ஒருவன், ஜெயசீலியின் முகத்தைப் பார்க்காமல்.

திருவிழாவை வடிவு சாகும்வரை மறக்கமாட்டாள். கோயில் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கழிப்பறைகள் வரிசையாக நின்றன. மேலே பெரிய எழுத்தில்: 'ஆறாம் வார்டுச் சுவருக்கு உங்கள் பங்கு.' வாசலில் நன்னாரி சர்பத் இலவசம். வெளியூர்க்காரர்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். தேர் வருகிற நேரத்தில்கூட அந்த வரிசை குறையவில்லை. போனவர்கள் வெளியே வந்து, "எங்க பேரையும் சுவர்ல எழுதுவீகளா?" என்று கேட்டார்கள். பங்குத்தந்தையே மைக்கில், "பூசை முடிந்தவர்கள் வலப்பக்கம் செல்லவும்" என்றார். சிரிப்பில் மைதானமே அதிர்ந்தது. நூர்தீன் ஒவ்வொரு டேங்க்கையும் சோதித்துத்தான் அனுப்பினார். ஒரே ஒரு டேங்க்கைச் சத்தமில்லாமல் கரிக்குழிக்குத் திருப்பிவிட்டார். அதில் யார் யார் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஆறாம் வார்டின் சுவர் ஏறத் தொடங்கியது. முழங்காலிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து மார்பு. ஊர் மறுபடியும் வேலிக்கு வந்தது. இப்போது எல்லோரும் ஒரே சுவரைத்தான் பார்த்தார்கள்.

வட்டம் மூடக் கையகல இடைவெளி பாக்கி இருந்தபோது வானம் கறுத்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று அடித்தது. புதிதாக இறுகும் மணல் மேல் மழை விழுந்தால் கரைந்துவிடும்.

"தார்ப்பாய்!" என்று வடிவு கத்தினாள்.

உப்பளத்திலிருந்து உப்பை மூடுகிற தார்ப்பாய்களை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். கட்டக் கம்பம் இல்லை. கம்பமாக மனிதர்களே நின்றார்கள். பள்ளத்தைச் சுற்றிலும், சாரத்தின் மேலும், தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு. பிரான்சிஸ் வாத்தியார் ஒரு நுனியைப் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச, டீக்கடைக்காரர். மழை கொட்டியது. வெளியே தண்ணீர் ஏறியது. சுவர் முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. வடிவு இடைவெளியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். மணல் அவள் கைக்குக் கீழே சூடாக இருந்தது. அது வேலை செய்கிறது, இறுகுகிறது! அவள் கையை எடுத்து விரலால் தட்டினாள். கல்லின் சத்தம்.

"மூடிடுச்சு!"

அந்தக் கூச்சல் ஏரியின் மறுகரைக்குக் கேட்டிருக்கும். தார்ப்பாய்கள் சரிந்தன. மழையில் நனைந்துகொண்டே ஊர் ஆடியது. நூர்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் எதற்குத் துடைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் முழுவதும் வட்டம் நின்றது. நிலையம் ஓட ஆரம்பித்தது. கோடை தொடங்கும்போது ஏரிக்கரையில் ஜனங்கள் காற்று வாங்க உட்கார்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பஸ் டிரைவர் வடிவைத் தேடி வந்தார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மேடம், அந்த மருந்து நான்தான் சாப்பிட்டேன்" என்றார். "இப்போ முடிஞ்சிட்டு. குணமாயிட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. என் ஒருத்தனால அவ்வளவு பேரும்..." வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் புதுத் தாலி. "அக்கா, சுவரு ஏறாம நின்னது என்னாலதான்" என்றாள். அதன் பிறகு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள். அவளும் அதையேதான் சொன்னாள். என்னால்தான், என் ஒருத்தியால்தான்.

வடிவு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள்: "உங்களை மாதிரி இன்னும் சில பேர் இருக்காங்க. பார்க்கிறீங்களா? வேண்டாம்னா வேண்டாம்." எல்லோரும் யோசித்தார்கள். எல்லோரும் சரி என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நிலையத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சுக்குக்காப்பி வாங்கிவைத்தாள். டிரைவர் முதலில் வந்தார். பிறகு புதுப்பெண். ஐஸ் கம்பெனி அம்மாள் அவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "எய்யா, உம்ம பஸ்ஸுலதானே நான் தெனமும் வேலைக்குப் போறேன்!" என்றாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து, நம்ப முடியாமல் சிரித்தார்கள். நீங்களுமா, நீங்களுமா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கி வந்தவர் ஆணையர் ராமசுப்பு.

வடிவு பதறி எழுந்தாள். அவரை அவள் அழைக்கவில்லை. யார் சொன்னது என்று மற்றவர்களைப் பார்த்தாள். டிரைவர் மெல்ல, "ஆஸ்பத்திரியில மருந்து வாங்குற வரிசையில பழக்கம் மேடம்" என்றார். "முகத்தை மூடிக்கிட்டு வருவாரு. யாருன்னு எனக்கே போன வாரம்தான் தெரியும். நான்தான் வரச் சொன்னேன்."

ஆணையர் குடியிருப்பு ஆறாம் வார்டின் மேற்குக் கோடியில் இருந்தது வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வீடு வீடா தேடச் சொன்னது நீங்கதானே சார்?" என்றாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"ஆமா. கிழக்குக் கோடியிலருந்து ஆரம்பிக்கச் சொன்னதும் நான்தான்" என்றார் அவர். "என் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வேற யார் வீட்டுலயாவது நின்னுடும்னு நெனச்சேன்."

அந்தக் கிழக்குக் கோடியில்தான் புதுப்பெண்ணின் பிறந்த வீடு. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவள் அவள்தான். அவள் ஆணையரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தார்.

புதுப்பெண் தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள். "காப்பி ஆறுது."